மூணாவது காரணம் எங்கே?

போன சனிக்கிழமை ஒரு பனியன் கம்பெனி முதலாளி என் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டி, "மூணுன்னு போட்டிருக்குது, உள்ள ரெண்டுதான் இருக்குது. மூணாவது எங்கீங்க?" என்று கேட்டார்.

எனக்கு வியர்த்துவிட்டது.

பதினோரு வருடமாக வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். 'கட்டுரை எங்கே?' என்று கேட்டு பத்திரிகை ஆபீசிலிருந்து போன் வரும். 'போன வாரம் என்னைப் பற்றித்தானே எழுதினாய்?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இல்லை... பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எல்லாம் ஒரு மிஸ்டு காலில் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் இருக்கும் சாந்தாமணி டீச்சர், திருப்பூர் வீரபாண்டி பக்கம் எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. செல்போன் வாங்கிய நாளிலிருந்து மிஸ்டு கால் மட்டுமே கொடுத்து வருபவர். நான்தான் கூப்பிட்டேன்.

"ஏனுங்க்கா, நீங்க வாராவாரம் அபிப்பிராயம் சொல்லியே பேர் வாங்கறீங்கல்ல? சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து எங்க ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்களேன். சொந்தமா ஒரு பாரா எழுத வர மாட்டேங்குதுங்க்கா. நான் இப்படி நெனைக்கிறேன், அதுக்கு இன்னின்ன காரணம்... அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதானா? இதற்கா இத்தனை பீடிகை? நான் உடனே ஒப்புக்கொண்டேன். பேர் வாங்குகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு மறுக்க முடியுமா என்ன!

முதல் சனிக்கிழமை. முப்பத்து நான்கு பிள்ளைகள். 'தொலைக்காட்சி பார்ப்பது நல்லதா, கெட்டதா? உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்றேன். தலை நிமிராமல் எழுதினார்கள். நோட்டுகளை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்து, காபியோடு உட்கார்ந்தேன்.

'தொலைக்காட்சியால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நாம் அன்னப்பறவையைப் போல நல்லதை எடுத்துக்கொண்டு அல்லதை விட்டுவிட வேண்டும்.'

அடுத்த நோட்டு. அன்னப்பறவை. அதற்கடுத்த நோட்டு. அன்னப்பறவை. முப்பத்து நான்கு நோட்டு, முப்பத்து நான்கு அன்னப்பறவை! இவர்களில் ஒருவர்கூட அந்தப் பறவையைப் பார்த்ததில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் இந்த ஊர் நொய்யல் ஆற்றில் இறங்கினால் அன்னப்பறவையே சாயம் ஏறித்தான் கரையேறும். யாரோ ஒரு ஆசிரியர் என்றைக்கோ சொல்லிக்கொடுத்தது... அப்படியே நிற்கிறது.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'அந்தப் பையன் வேண்டாம், மனசுக்குப் படலை' — சம்பந்தத்தையே தட்டிக் கழித்துவிடுவோம். ஏன் படலை? படலை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் என்பவளோடு எனக்கு இருபது வருட சக்களத்திப் போராட்டம். அவர் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஹூம்... சரியில்லை" என்பார். என்ன சரியில்லை? "என்னமோ சரியில்லை." இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இரண்டாவது சனிக்கிழமை, எழுத்தே வேண்டாம், பேசலாம் என்று முடிவு செய்தேன். நடுவில் நின்றுகொண்டு, "நான் கட்டியிருக்கிற புடவை நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு மிஸ்!" — கோரஸ்.

"ஏன் நல்லா இருக்கு?"

எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். சரியான விடை என் மூக்கில் எழுதி ஒட்டியிருப்பது மாதிரி.

மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு கை மட்டும் உயர்ந்தது. ஒல்லியாக, இரட்டைச் சடையோடு, முழங்காலில் செம்மண் ஒட்டிய ஒரு பெண். பெயர் முத்து. முழுப்பெயர் முத்துலட்சுமி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டில் அந்த ஊர்ப் பேச்சு, பள்ளிக்கூடத்தில் இந்த ஊர் 'ங்க'.

"மிஸ், கிட்ட வந்து பாக்கலாமுங்களா?"

வந்தாள். கண் சுருக்கினாள். என்னை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "இங்க நூல் இழுத்திருக்குதுங்க. இங்க மஞ்சக் கறை. கீழ ஃபால்ஸ் தையல் விட்டிருக்குது, இங்க... இங்க." ஒவ்வொன்றுக்கும் விரலை வைத்து வைத்துக் காட்டினாள்.

"அப்ப நல்லா இல்லைன்னு சொல்றியா?"

"நல்லா இருக்குதுங்க மிஸ். ஆனா ஓகே பீஸ் இல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவு நேர்த்தியான விமரிசனம் என் புடவைக்கு மட்டுமல்ல, என் எழுத்துக்கே கிடைத்ததில்லை.

"யார் கண்ணு உனக்கு இப்படிப் பாக்கச் சொல்லிக்குடுத்தது?"

"எங்கம்மா செக்கிங்குங்க மிஸ். சும்மா 'இது சரியில்ல'ன்னு தூக்கிப் போட்டா சூப்பர்வைசர் திட்டுவாராம். எங்க சரியில்லையோ அங்க ஸ்டிக்கர் ஒட்டணுமாம்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு நிமிடம். கம்பெனியில் தைத்து முடித்த டீ-ஷர்ட்டுகள் செக்கிங் டேபிளுக்கு வரும். பெண்கள் வரிசையாக நின்று உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டையா, கறையா, தையல் விட்டிருக்கிறதா... அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டி சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அப்புறம் மூன்று குவியல் — ஓகே, ஆல்ட்டர், ரிஜெக்ட். ஓகே என்றால் பேக்கிங்குக்குப் போகும். ஆல்ட்டர் என்றால் திருத்துவதற்கு மறுபடி தையலுக்குப் போகும். ரிஜெக்ட் என்றால் கதை முடிந்தது.

இரண்டு வாரமாக நான் கரும்பலகையில் முட்டி மோதியதை இந்தப் பெண் ஒரு ஸ்டிக்கரில் முடித்துவிட்டாள்! எந்தக் குவியல் என்பது கருத்து. அம்புக்குறிதான் காரணம். அம்புக்குறி இல்லாமல் குவியலில் போடக்கூடாது. அன்று ராத்திரி சாம்பார் 'சரியில்லை' என்றபோது, "எங்கே? விரலை வைத்துக் காட்டுங்கள்" என்றேன். வீட்டுக்காரர் மிரண்டுபோய் இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டார்.

வகுப்பு முடியும்போது வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். "நம்ம பள்ளிக்கூடத்துல எது சரியில்லையோ அதை எழுதிட்டு வாங்க. மனசுக்குள்ள ஸ்டிக்கர் ஒட்டிப் பாருங்க."

இந்த 'மனசுக்குள்ள' என்கிற வார்த்தை மட்டும் எங்கேயோ காற்றில் போய்விட்டது.

திருப்பூரில் அம்புக்குறி ஸ்டிக்கருக்கா பஞ்சம்? பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் செக்கிங்கில் இருப்பார்கள். தீரப்போகும் ரோலின் கடைசி நாலைந்து ஸ்டிக்கர்கள் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். மூன்றாவது சனிக்கிழமை நான் பள்ளிக்கூட கேட்டைத் திறந்தால் — கேட் கொண்டியிலேயே ஒரு சிவப்பு அம்பு. ஒழுகும் குழாயில் ஒன்று. பெஞ்சில் துருத்திய ஆணிக்கு ஒன்று. இந்தியா மேப்பில் கன்னியாகுமரி கிழிந்த இடத்தில் ஒன்று. பத்து நிமிடம் பின்னால் ஓடும் சுவர்க் கடிகாரத்தில், முள்ளின் மேலேயே ஒன்று.

சாந்தாமணி டீச்சரின் பிரம்பில் மூன்று!

டீச்சர் அந்தப் பிரம்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்னுங்க்கா இது?" என்றார். குரலில் இடியா மழையா என்று தெரியவில்லை.

அம்பு ஒட்டிய பிள்ளையின் நோட்டை வாங்கி வாசித்தேன். 'பிரம்பு சரியில்லை. வலிக்கிறது. பேசியது யார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் விழுகிறது. அடி வாங்கிய பிறகும் கணக்கு வரவில்லை.'

டீச்சர் நோட்டை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "கடைசிக் காரணம் நெசந்தானுங்க்கா" என்றார். பிரம்பு பீரோவுக்கு மேலே போனது. இன்று வரை இறங்கவில்லை.

அந்த வாரம் ஒரு நோட்டிலும் அன்னப்பறவை இல்லை. முப்பத்து நான்கு விதமான பாரா! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது சனிக்கிழமை போனபோது பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலோரம் குவிந்திருந்தார்கள். முத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள்.

வெளியே மைதானம். மைதானம் என்று பேர்தானே தவிர, அது பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமில்லை. பக்கத்து பனியன் கம்பெனி முதலாளி சின்னச்சாமி அவர்களுடைய காலி இடம். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப் பக்கம் அவருடைய கம்பெனி, நடுவில் இந்தச் செம்மண். பல வருடமாகப் பிள்ளைகள் அதில்தான் விளையாடுகிறார்கள். இப்போது பள்ளிக்கூடத்து ஓரமாக இரும்புக் கம்பங்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் தகர ஷீட் அடித்து மறைக்கப் போகிறார்களாம்.

"நம்ம பசங்க ஓடறாங்கல்லங்க்கா, அந்தத் தூசி அவங்க செக்கிங் ஹால் ஜன்னல்ல போகுதாமா. வெள்ளை டீ-ஷர்ட் ஆர்டர் ஓட்டிட்டிருக்காங்க. எல்லாம் செவந்துபோகுதுன்னு ஒரே புகார். அவரு மேலயும் தப்புச் சொல்ல முடியாதுங்க" என்றார் டீச்சர்.

தப்புச் சொல்ல முடியாது, சரி. ஆனால் முத்து? அவள் பள்ளிக்கூடத்துக் கோ-கோ டீமின் கேப்டன். அடுத்த மாதம் ஜோனல் மேட்ச். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே அவள் வளைந்து வளைந்து ஓடுவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கண் சிமிட்டினால் ஆளைக் காணோம். மைதானம் போனால் பயிற்சி போச்சு. பயிற்சி போனால் டீம் போச்சு. ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது?

"மிஸ், அவருக்கு ஒரு பாரா எழுதலாமுங்களா? காரணத்தோட?" என்றாள் முத்து, ஜன்னலை விட்டுத் திரும்பாமல்.

டீச்சருக்குப் பயம். இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர் அவர். "மனசு கோணிப்போயிருமுங்க்கா" என்றார். இன்னொருத்தருக்கு அதைவிடப் பயம். முத்துவின் அம்மா இசக்கியம்மா. அவர் வேலை பார்ப்பது வேறெங்கும் இல்லை — அதே கம்பெனியில், அதே செக்கிங் ஹாலில்! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, மொதலாளி நல்ல மனுசந்தான். ஆனா இந்தப் புள்ள என்னத்தையாவது எழுதி என் வேலைக்கு வேட்டு வச்சிரக் கூடாது. நான் அங்கன நின்னாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்." பிறகு மகளிடம் திரும்பி, "ஏட்டி, எம்பேரு எதுலயும் வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

நான் தைரியம் சொன்னேன். கடிதத்துக்கு நானே பொறுப்பு என்றேன். எழுத்தில் எனக்குப் பதினோரு வருட அனுபவம் இல்லையா?

அந்த அனுபவம்தான் காலை வாரிவிட்டது. பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் 'மெருகு' ஏற்றினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, கருணைக் கடலே' என்று தொடங்கினேன். 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று ஒரு பழமொழியைச் சொருகினேன். 'விளையாட்டு உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் பயக்கும்' என்றேன். 'நாளைய பாரதம் தங்கள் கையில்' என்று முடித்தேன். முத்து சொன்ன ஒரே ஒரு வரி மட்டும் அப்படியே நின்றது: 'அடுத்த மாதம் எங்களுக்கு மேட்ச்.' நானே போய்க் கம்பெனி ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கடிதம் திரும்பி வந்தது. டீச்சரிடமிருந்து மிஸ்டு கால் அல்ல, நேரே போன்! அப்போதே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. ஓடினேன்.

கடிதம் முழுக்கச் சிவப்பு அம்பு. கருணைக் கடலில் ஒன்று. சித்திரத்தில் ஒன்று. உடலுக்கும் உள்ளத்துக்கும் நடுவில் ஒன்று. நாளைய பாரதத்தின் தலையிலேயே ஒன்று. மேலே பால்பாயின்ட் பேனாவில், கோணல் எழுத்தில், ஒரே ஒரு வார்த்தை — 'ஆல்ட்டர்'.

"மானமே போச்சுங்க்கா" என்று டீச்சர் நாற்காலியில் சரிந்துவிட்டார். எனக்கும் காது சுட்டது. நாலு அம்பும் என் வரிகளில்! முத்துவின் வரியில் ஒன்றுகூட இல்லை.

வகுப்பில் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிக் காகிதத்தைக் காட்டினேன். முத்து வாங்கிப் பார்த்தாள். பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள்.

"ஆல்ட்டருங்க மிஸ்! ரிஜெக்ட் இல்ல! ஆல்ட்டர்!"

வகுப்பே எழுந்து குதித்தது. நானும் டீச்சரும்தான் திருதிருவென்று விழித்தோம். எங்களுக்கு அது அவமானம். அவர்களுக்கோ அது, 'திருத்திக் கொண்டு வா, பார்க்கிறேன்' என்கிற அழைப்பு. செக்கிங் டேபிளைத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? ரிஜெக்ட் பண்ண நினைத்தவர் உட்கார்ந்து நாலு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பாரா?

உடனே ஆல்ட்டர் வேலை தொடங்கியது. இந்த முறை பேனா முத்துவின் கையில். என் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது.

"நமக்கு என்ன வேணும்னு எழுதக் கூடாதுங்க மிஸ். அவருக்கு எங்க டேமேஜ்? தூசி. அப்பத் தூசியத்தான் எழுதணும்" என்றாள்.

மூன்று நாள் ஆராய்ச்சி நடந்தது. கோ-கோ ஆடும் இடம் செக்கிங் ஹால் ஜன்னலிலிருந்து முப்பது தப்படி. அதையே எதிர் மூலை வேப்பமரத்துப் பக்கம் மாற்றினால் தொண்ணூற்றிரண்டு தப்படி. தப்படி என்பது முத்துவின் காலால் அளந்தது. அடுத்து, மத்தியானம் எல்லோரும் டிபன் பாக்ஸ் கழுவுகிற தண்ணீர் சும்மா சாக்கடைக்குத்தான் போகிறது. அதை வாளியில் பிடித்து, ஆடுவதற்கு முன்னால் தெளித்தால் தூசியே எழும்பாது. தெளித்தும் பார்த்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று சோதனை வேறு! என் கைக்குட்டைதான். முதல் நாளோடு அது சிவந்தது.

'எங்கள் கருத்து: தகர வேலி வேண்டாம். இதற்கு மூன்று காரணங்கள்' என்று கடிதம் தொடங்கியது. இடம் மாற்றுவது ஒன்று. தண்ணீர் தெளிப்பது இரண்டு. மூன்றாவதாக முத்து எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தேன்.

'எங்கம்மா உங்கள் செக்கிங் ஹாலில் வேலை செய்கிறார்கள். ஸ்கூல் விழாவுக்கு வர லீவு கிடையாது. சாயங்காலம் டீ டைமில் டம்ளரோடு ஜன்னலில் நின்று நான் ஓடுவதைப் பார்ப்பார்கள். தகரம் அடித்துவிட்டால் பார்க்க முடியாது.'

எத்தனை அழகான காரணம்! உண்மையான காரணமும் அதுதான். ஆனால் நான் பயந்துவிட்டேன். லீவு கிடையாது என்று முதலாளியிடமே சொல்வதா? செக்கிங்கில் நிற்கும் பெண் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று நாமே எழுதிக் கொடுப்பதா? "இது வேண்டாம் முத்து, எடுத்துடலாம்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு, புதுத் தாளில் அழகாக எழுதித் தந்தாள். நான் சரிபார்த்து, மடித்து, அனுப்பினேன்.

எதைச் சரிபார்த்தேனோ! 'மூன்று காரணங்கள்' என்று மேலே இருந்ததை மாற்றவே இல்லை.

போன சனிக்கிழமை சின்னச்சாமி அவர்கள் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா, காலில் ரப்பர் செருப்பு. அவரே ஒரு காலத்தில் யாருடைய கம்பெனியிலோ செக்கிங் டேபிளில் நின்றவர் என்று அப்புறம் சொன்னார்கள். பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

"இடம் மாத்தறது, ஓகே. தண்ணி தெளிக்கறது... நல்ல யோசனைதானுங்க, எனக்கே தோணல. ஆனா பாருங்க, மூணுன்னு போட்டிருக்குது, உள்ள ரெண்டுதான் இருக்குது. மூணாவது எங்கீங்க? பெட்டி மேல மூணு பீஸுன்னு போட்டுட்டு ரெண்டு வெச்சு அனுப்புனா வாங்கற பையர் சும்மா உடுவானுங்களா?"

இங்கேதான் எனக்கு வியர்த்தது. எழுதும்போது தவறிவிட்டது என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் முத்து எழுந்துவிட்டாள்.

"மூணாவதை நாங்களே எடுத்துட்டோமுங்க."

"ஏங் கண்ணு? டேமேஜா?"

"இல்லீங்க. நல்ல பீஸ்தானுங்க."

வாசலில் நின்ற டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முத்து என்னைப் பார்த்தாள். நான்... தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா? சத்தியமாக எனக்கு நினைவில்லை. அவள் அவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மனப்பாடமாக, ஒரு வார்த்தை விடாமல் மூன்றாவது காரணத்தைச் சொன்னாள். லீவு, டீ டைம், டம்ளர், ஜன்னல்.

அவர் ஜன்னல் வழியாகத் தன் கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்கம்மா பேரென்ன கண்ணு?" என்றார் அவர்.

போச்சு. எல்லாம் போச்சு. இசக்கியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது.

முத்து கொஞ்சமும் தயங்கவில்லை. "பேரு காரணத்துல வராதுங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, டீச்சர் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கும்படி ஆகிவிட்டது.

"செரி, செரி. பேரு வேண்டாம் கண்ணு. கேட்டது என் தப்புத்தான்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டைச் சொல்லிப்போட்டு நெசமான ஒண்ணை மறைச்சு வெச்சிருக்கீங்களே! இதை மொதல்லயே வெச்சிருந்தா நான் வேட்டியக் கட்டிட்டு இத்தனை தூரம் வந்திருக்கவே வேண்டாம்." டீச்சரிடம் திரும்பினார். "ஷீட்டு அடிக்க வேண்டாம்னு சொல்லிப்போடறனுங்க. நட்ட கம்பத்தைப் புடுங்கி, ரெண்டை மட்டும் வேப்பமரத்தோரம் நட்டுக் குடுக்கச் சொல்றன். கோ-கோவுக்கு ரெண்டு கம்பம் வேணுமுங்கல்ல?"

வாசல் வரை போய்த் திரும்பினார். "தண்ணி தெளிக்காம ஒரு நாள் ஓடுனாலும்... ரிஜெக்ட்தான், பாத்துக்குங்க!"

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கடிதத்தின் மேல் எழுதிய 'ஓகே' இப்போது வகுப்புச் சுவரில், கிழிந்த கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் போயிருந்தேன். பிள்ளைகள் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தார்கள். புதுக் கம்பங்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்தார்கள். கம்பெனியில் டீ பெல் அடித்தது. செக்கிங் ஹால் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. இசக்கியம்மா. அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள், கைகளில் டீ டம்ளர்கள். சூப்பர்வைசர்கூட ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தார். "ஓடுட்டி! அந்தாக்குல ஓடுட்டி!" என்று ஒரு குரல் வந்ததே... யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். பேரு காரணத்தில் வராது.

முத்து ஓடினாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அதை ஒளிப்பானேன்?

ஒரு விஷயம் பாக்கி. இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் முத்துவிடமும் அவள் அம்மாவிடமும் வாசிக்கக் கொடுத்தேன். அவர்களுடைய கதை, அவர்கள் சரி என்று சொல்ல வேண்டுமல்லவா? இசக்கியம்மா சிரித்துக்கொண்டே, "இனி என்னக்கா, பேரையும் போட்டுக்கிடுங்க" என்றுவிட்டார். முத்துவிடமிருந்து வந்த தாளில் ஒரே ஒரு சிவப்பு அம்பு இருந்தது.

மூன்றாவது காரணத்தை எடுக்கச் சொன்ன இடம். அங்கே நான் முதலில் எழுதியிருந்தது, 'அவள் அம்மாவின் நன்மையைக் கருதி முன்யோசனையாக' என்று.

"இது காரணம் இல்லீங்க மிஸ்" என்றாள் முத்து. "நீங்க பயந்துட்டீங்க."

மேலே போய்ப் பாருங்கள்... ஆல்ட்டர் செய்துவிட்டேன்.